என் தங்கச்சி பார்க்கிற வேலை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாமல் போன உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



வரவு செலவு வாசித்து முடிச்சாச்சு. சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. அதற்குள் ஒரு விஷயம் பேசிக்கிறேன் என்று செயலாளர் அக்காவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்தக் குழு என்று சொல்ல மாட்டேன், அவங்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. ஒரு அக்கா முப்பதாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டாங்க. மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்திருக்கிறாள். எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸும் ஹாஸ்டலும் கட்ட வேண்டும். உடனே ஒருத்தங்க கேட்டாங்க, "கெமிஸ்ட்ரி படிச்சு என்ன வேலைக்குப் போவா? டீச்சருக்குத்தானே? அதுக்கு பி.எட். போதுமே." இன்னொருத்தங்க, "கல்யாணத்துக்குன்னு கேளு, கொடுக்கலாம்" என்றாங்க. கடன் கேட்ட அக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தீர்மான நோட்டில் "அடுத்த கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கடன் கொடுப்பதும் மறுப்பதும் குழுவின் உரிமை. ஆனால் "என்ன வேலைக்குப் போவா?" என்ற கேள்வி மட்டும் வீடு வரைக்கும் என்னோடு வந்தது. ஏன்னா, என் கூடப் பிறந்த தங்கச்சி கெமிஸ்ட்ரிதான் படித்தாள். எம்.எஸ்சி. முடித்து, பிஎச்.டி. முடித்து, இன்றைக்கு பாட்டரிக்குள் ஊற்றுகிற திரவத்தை ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானியாக ஒரு கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அது என்ன வேலை, எப்படிப்பட்ட வேலை என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்க.

முதலில் பாட்டரி. நம் வீட்டில் இன்வெர்ட்டர் பாட்டரி இருந்தால் அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோம். டிராக்டர் பாட்டரியில் ஆசிட் இருக்கும், சேலையில் பட்டால் ஓட்டை விழும். அந்த ஆசிட் தண்ணிதான் பாட்டரியின் உள்ளே இரண்டு தகடுக்கும் நடுவே இருக்கிற திரவம். பாடப் புத்தகத்தில் இதற்கு மின்பகுளி என்று பெயர்.

உங்க கையில் இருக்கிற செல்போனில், இப்போது ஊருக்குள் ஓடுகிற எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் இருப்பது வேறு வகை. லித்தியம் அயன் பாட்டரி. இதை ஒரு ஆறு மாதிரி நினைத்துக்கொள்ளுங்க. ஒரு கரையில் பென்சில் கரி, அதாவது கிராஃபைட். எதிர்க்கரையில் ஒரு உலோகச் சேர்மப் பொடி. சார்ஜ் போடும்போது லித்தியம் கரிப் பக்கம் வந்து சேரும். நாம் உபயோகிக்கும்போது எதிர்க்கரைக்குத் திரும்பும். லித்தியம் பரிசலில் ஆற்றைக் கடக்கும். மின்சாரத்துக்குப் பரிசலில் இடம் கிடையாது. அது வெளியே ஒயர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அப்படிச் சுற்றிப் போகிற வழியில்தான் நம்ம போனை எரிய வைக்கிறது, வண்டியை ஓட்டுகிறது. இதில் ஆறு என்று சொன்னேனே, அதுதான் மின்பகுளி. என் தங்கச்சியின் வேலை அந்த ஆற்றோடுதான்.

டிராக்டர் பாட்டரியில் தண்ணி சரி. லித்தியம் பாட்டரியில் தண்ணிதான் முதல் எதிரி. ஒரு லித்தியம் செல் சுமார் 3.7 வோல்ட் கொடுக்கும். அவ்வளவு வேகத்தைத் தண்ணி தாங்காது, பிரிந்து வாயுவாகிவிடும். அதனால் தண்ணிக்குப் பதிலாக எண்ணெய் மாதிரி சில கரைப்பான்களைக் கலந்து, அதில் லித்தியம் உப்பு ஒன்றைக் கரைக்கிறார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம் உப்பு. அந்த உப்பில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் கண்ணாடியையே அரிக்கிற ஒரு அமிலம் உண்டாகும். அது பாட்டரியை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். எவ்வளவு ஈரம் இருக்கலாம் தெரியுமா? ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் நிறைய அந்தத் திரவம் இருந்தால், அதில் நாலு டீஸ்பூன் தண்ணிக்கு மேல் இருக்கக் கூடாது.

இந்தத் திரவத்தின் கதையைத் தங்கச்சி எனக்குச் சொன்னபோது வியப்பாக இருந்தது. 1980-களில் கிராஃபைட்டை பாட்டரியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு தொல்லை. அப்போது அதிகம் பயன்படுத்திய எண்ணெய் புரொப்பிலீன் கார்பனேட். அதில் கிராஃபைட்டைப் போட்டால் புரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து உதிர்ந்துவிடும். அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இன்னொரு எண்ணெய் உண்டு, எத்திலீன் கார்பனேட். ஒரே ஒரு கார்பன்தான் குறைச்சல். ஆனால் அதைப் பலர் கண்டுகொள்ளவில்லை. காரணம், அது 36 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையுதே, அதுபோல. கட்டியாகிற எண்ணெயை வைத்து என்ன செய்வது என்று ஒதுக்கினார்கள்.

1990-ல் கனடாவில் ரோசமரியா ஃபாங், உல்ரிக் ஃபான் சாக்கன், ஜெஃப் டான் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பெயர் ஒரு பெண்ணின் பெயர், கவனிங்க. இந்த உறைகிற எண்ணெயைக் கலந்து வைத்தால் கிராஃபைட் உதிராமல் நிற்கிறது என்று காட்டினார்கள். ஏன் நிற்கிறது? முதல் முறை சார்ஜ் போடும்போது அந்தத் திரவத்தில் ஒரு சிறு பங்கு சிதைந்து, பால் மேல் ஆடை படிகிற மாதிரி, கரியின் மேல் ஒரு மெல்லிய ஆடையாகப் படிகிறது. அந்த ஆடை லித்தியத்தை உள்ளே விடும், எண்ணெயை உள்ளே விடாது. இப்படி ஒரு ஆடை இருக்கிறது என்று இஸ்ரேலில் இம்மானுவேல் பெலெட் என்ற விஞ்ஞானி 1979-லேயே எழுதி, அதற்குப் பெயரும் வைத்திருந்தார். இன்றைக்கு நம்ம போன் பாட்டரி இரண்டு மூன்று வருஷம் உழைக்கிறது என்றால் கண்ணுக்குத் தெரியாத அந்த ஆடையால்தான்.

பாட்டரிக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ என்று மூன்று பேருக்கு. குட்இனஃப் ஐயாவுக்கு அப்போது 97 வயது. ஸ்டாக்ஹோமில் அவருக்குப் பதிலாக மேடையேறி நோபல் உரையைப் படித்தவர் யார் தெரியுமா? நம்ம தமிழ்நாட்டின் தெற்கே அமராபுரம் என்ற சின்ன கிராமத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். மதுரையில் கெமிஸ்ட்ரி படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. முடித்து, 1985-ல் குட்இனஃப் ஐயாவிடம் போய்ச் சேர்ந்தவர். நம்ம ஊர்ப் பக்கத்துப் பிள்ளை படித்ததும் கெமிஸ்ட்ரிதான்.

இனி என் தங்கச்சியின் ஒரு நாளைச் சொல்கிறேன். ஒரு பெரிய பெட்டி. முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே காற்று கிடையாது, ஆர்கான் என்ற வாயுதான். முன்னால் இரண்டு ஓட்டை, அதில் தோள் வரைக்கும் நீளமான தடித்த ரப்பர் கையுறை மாட்டியிருக்கும். நின்றபடியே கையை உள்ளே விட்டுத்தான் எல்லா வேலையும். உப்பை எடை போடணும், எண்ணெயை அளந்து ஊற்றணும். பிறகு வாட்ச் பாட்டரி மாதிரி ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு செல். கீழே ஒரு வட்டம், மேலே ஒரு வட்டம், நடுவே காகிதம் மாதிரி ஒரு சவ்வு, அதன் மேல் சில சொட்டு திரவம். மூடி அழுத்திவிடணும். தடித்த கையுறையோடு அந்தச் சின்ன மூடியைப் பிடிப்பது, கையில் உரல் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி என்பாள்.

அதோடு முடியவில்லை. செல்லை ஒரு மெஷினில் மாட்டிவிட்டால் அது சார்ஜ் ஏற்றும், இறக்கும், ஏற்றும், இறக்கும். ஐநூறு தடவை, ஆயிரம் தடவை. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு கலவை நல்லதா கெட்டதா என்று தெரிய அவ்வளவு நாள் காத்திருக்கணும். பெரும்பாலும் பதில் "கெட்டது" என்றுதான் வரும். திரும்பவும் கலக்கணும். சில நேரம் நூற்றில் இரண்டு பங்கு ஏதாவது ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் எல்லாமே மாறிவிடும். ஒரு குடம் பாலுக்கு ஒரு கரண்டி உறைமோர் போதுமே, அந்தக் கதைதான். ஆனால் எந்த மோர் என்று கண்டுபிடிப்பதற்குள் ஆயுசில் பாதி போய்விடும் என்பாள்.

பிஎச்.டி. சேர்ந்த முதல் வருஷம் அவள் அழுதது எனக்குத் தெரியும். எட்டு மாதம் ஒரே கலவையில் வேலை. ஒவ்வொரு கலவைக்கும் மூன்று செல் செய்யணும், ஒன்று நன்றாக வந்தால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம் இல்லையா? அவளுக்கு இரண்டு நன்றாக ஓடும், மூன்றாவது செத்துப் போகும். சில மாதம் மூன்றுமே நல்லா இருக்கும், சில மாதம் மூன்றுமே சாகும். காரணம் தெரியவில்லை. கூட இருந்த ஒரு பையன், "நல்லா ஓடினதை மட்டும் எழுதிட்டுப் போங்கக்கா, யாருக்குத் தெரியப்போகுது" என்றானாம். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை சொன்னது வேறு: "செத்ததையும் எழுதும்மா. தேதி போட்டு எழுது."

எழுதினாள். வருஷக் கடைசியில் நோட்டை எடுத்து வைத்துத் தேதி தேதியாகப் பார்த்தாள். செத்துப்போன செல்களில் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் செய்தவை. மழைக்காலம்! பெட்டிக்குள் போகிற பிளாஸ்டிக் பாட்டில்களை ராத்திரி முழுக்க அடுப்பில் வைத்துக் காய வைக்காமல், துடைத்துவிட்டு அப்படியே உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். அந்த பாட்டில் சுவரில் ஒட்டியிருந்த, கண்ணுக்குத் தெரியாத ஈரம்தான் எட்டு மாத வேலையைத் தின்றது. செத்ததை எழுதாமல் விட்டிருந்தால் இது தெரிந்திருக்குமா?

இதை அவள் போனில் சொன்னபோது எனக்கு நம்ம குழு நோட்டுதான் ஞாபகம் வந்தது. வசூலாகாத கடனை எழுதாமல் மறைத்த குழுக்கள் எப்படி உடைந்தது என்று இங்கே இருக்கிற பழைய உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தவணை தவறியதையும் தேதி போட்டு எழுதி, உட்கார்ந்து பேசின குழுக்கள்தான் இன்றைக்கும் நிற்கிறது. பெரிய விஞ்ஞானம் என்று நாம் தூரத்தில் நின்று பார்க்கிறோமே, அதற்கு வேண்டிய பொறுமையும் நோட்டு எழுதுகிற ஒழுங்கும் உங்க கையில் ஏற்கனவே இருக்கு. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது புதுசு இல்லை.

அந்த வேலையால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். 1989-ல் ஜப்பானில், சுத்தமான லித்தியம் உலோகத்தை உள்ளே வைத்த பாட்டரி கொண்ட போன்கள் தீப்பிடித்தன. விற்றதை எல்லாம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, செய்த கனடா கம்பெனி கடனில் மூழ்கியது. லித்தியம் உலோகத்துக்குப் பதில் கரியை வைக்கலாம் என்று காட்டிய யோஷினோ, 1986-லேயே தன் பாட்டரி மேல் இரும்புக் கட்டியைப் போட்டு நசுக்கிப் பார்த்தார். அது தீப்பிடிக்கவில்லை என்ற பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. 1991-ல் சோனி கம்பெனி லித்தியம் அயன் பாட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இருந்தாலும் உள்ளே இருக்கிற எண்ணெய் இன்றைக்கும் எரியக்கூடியதுதான். குளிர் தேசத்துக்காரர்களுக்கு அது உறைந்து போகிற கவலை. அமெரிக்காவில் ஷெர்லி மெங் என்ற பேராசிரியையின் குழு 2017-ல் வாயுவை அழுத்தித் திரவமாக்கி, பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி குளிரிலும் வேலை செய்கிற மின்பகுளியைக் காட்டியது. நமக்குக் கவலை வெயில். அக்னி நட்சத்திரத்தில் தார் ரோட்டில் நிற்கிற ஸ்கூட்டருக்குள் பாட்டரி என்ன பாடுபடும்? சூடு ஏற ஏற அந்த உப்பும் கெடும், ஆடையும் கரையும். என் தங்கச்சி பார்ப்பது இந்தச் சூட்டுப் பிரச்சினையைத்தான். அவள் கலந்த ஒரு கலவை 55 டிகிரி சூட்டில் பழையதைவிடக் கூடுதல் நாள் தாங்கியிருக்கிறது. இப்போது பெரிய செல்லில் போட்டுச் சோதிக்கிறார்கள். அது வண்டிக்கு வருமா, வராதா தெரியாது. அவள் கலவை ஓடுகிற வண்டி இன்னும் ரோட்டுக்கு வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இடையில் உங்களுக்கு உபயோகமான நாலு வார்த்தை. போன் பாட்டரி வயிறு உப்பினால் உள்ளே திரவம் கெட்டு வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அழுத்தாதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க, கடையில் கொடுத்து மாற்றுங்க. அடுப்பிலோ குப்பையிலோ போட வேண்டாம். வெயிலில் ஓட்டி வந்த ஸ்கூட்டரை சூடு ஆறின பிறகு சார்ஜ் போடுங்க. பிள்ளைகள் படுக்கிற இடத்தில், வாசலை மறித்து ராத்திரி சார்ஜ் போடாதீங்க.

இப்போது பண விஷயம். 2013-ல் என் தங்கச்சிக்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. அப்பா இல்லை. நான் அப்போதுதான் சோஷியல் ஒர்க் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன், சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். அம்மா குழுவில் இருபதாயிரம் கேட்டாங்க. அங்கேயும் இதே பேச்சுதான். "பொம்பளப் புள்ளைய இன்னும் எத்தனை வருஷம் படிக்க வைப்ப?" அந்தக் குழுவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி இருந்தாங்க, கைநாட்டுத்தான். அவங்க சொன்னாங்களாம்: "ஏத்தா, ஆடு வாங்கக் குடுக்கோம். ஆடு செத்தாலும் பணத்தை வசூல் பண்ணிர்றோம். புள்ள படிப்பு என்ன, கோமாரி வந்து சாகவா போவுது? குடுங்கடி." இருபது மாதத் தவணை. அம்மா பருத்தி எடுத்துக் கட்டினாங்க, நான் பாதி கட்டினேன். ஒரு தவணை தவறியது. அபராதமும் கட்டினோம். அதுவும் நோட்டில் இருக்கு.

எம்.எஸ்சி.க்குப் பிறகு அவள் படிப்புக்கு நாங்கள் ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. நெட் என்று ஒரு பரீட்சை, வருஷத்துக்கு இரண்டு தடவை வைக்கிறார்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற தகுதி கிடைத்தால் பிஎச்.டி. படிக்கிற காலத்தில் அரசே மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கும். 2023 ஜனவரியிலிருந்து அதை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பரீட்சை கஷ்டம்தான், என் தங்கச்சிக்கே மூன்றாவது தடவைதான் கிடைத்தது. பக்கத்தில் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. லித்தியம் பாட்டரி ஆராய்ச்சி அங்கேயே நடக்கிறது. பஸ்ஸில் அந்த வாசலைத் தாண்டி எத்தனை தடவை போயிருப்போம், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கெமிஸ்ட்ரி படிக்கிற எல்லாப் பிள்ளையும் விஞ்ஞானி ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அக்கா மகள் டீச்சராகவும் ஆகலாம், அதுவும் நல்ல வேலைதான். வருஷக்கணக்கில் படிக்கணும், கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் பதில் சொல்லணும். என் தங்கச்சிக்கு முப்பத்தொரு வயதில்தான் கல்யாணம் நடந்தது. அதுவரை அம்மா கேட்காத பேச்சு இல்லை. "வாட்ச் பாட்டரி செய்யவா இவ்வளவு படிப்பு?" என்று சொந்தத்தில் ஒருத்தர் பந்தியில் வைத்தே கேட்டார். அம்மா அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து வந்துட்டாங்க. இதெல்லாம் சேர்ந்துதான் வரும். தெரிந்தே முடிவு செய்ய வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். "என்ன வேலைக்குப் போவா?" என்று இனிமேல் ஒரு குழுவில் கேள்வி வந்தால், தெரியாது என்பதற்காகக் கடனைத் தள்ளி வைக்காதீங்க. விசாரியுங்க. என்னைக் கேளுங்க, எனக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறேன். அந்தப் பெண்ணையே கூட்டத்துக்குக் கூப்பிட்டு, "நீ என்ன படிக்கப் போற, சொல்லு தாயி" என்று கேளுங்க. ஆட்டுக் கடனுக்கு ஆட்டை நேரில் பார்த்துத்தானே கொடுக்கிறோம்?

அந்தக் குழுவின் அடுத்த கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. எம்.எஸ்சி.க்குப் பணம் கட்டக் கடைசி நாள் அதற்கு அடுத்த புதன். நானும் வருவேன், ஓரமாகத்தான் உட்கார்ந்திருப்பேன். முடிவு உங்களுடையது.

சாப்பாடு தயார் என்று கை காட்டுறாங்க. கேள்வி இருந்தால் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்க.